சுந்தரவல்லி டீச்சரின் விமானம்

சுந்தரவல்லிக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தைந்து. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளுக்கும் முன்னின்று கல்யாணம் செய்து வைத்தாள். தனக்கு இனிமேல் ஒன்றுமில்லை என்று அவளே முடிவு கட்டியிருந்த 1986ஆம் வருஷத்தில்தான் ராஜாராமனின் ஜாதகம் வந்தது. அவருக்கு நாற்பத்தொன்று. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. காபி டம்ளரை இடது கையால் வாங்கினார். சுந்தரவல்லியின் சித்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மரியாதை தெரியாத மனுஷன் என்று சமையலறையில் வந்து முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பெண்ணோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவர் கேட்டார். கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே நின்று, பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடியோடு இல்லை.

"பிரஸ் மெஷின்ல போச்சு. இருபத்தஞ்சு வயசுல. இதைப் பார்த்துட்டு முடிவு சொல்லுங்க" என்றார்.

சுந்தரவல்லி பார்த்தாள். தையல்காரி பார்க்கும் பார்வை அது. தோலை எங்கே இழுத்து எங்கே தைத்திருக்கிறார்கள் என்று அவள் கண் தானாகப் போயிற்று.

"இப்பவும் வலிக்குமா?"

"மழைக்காலத்துல கொஞ்சம்."

அவ்வளவுதான் பேசியது. ஆவணியில் கல்யாணம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பொன்னுரங்கம் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். பொன்னுரங்கம் அந்த ஊர்க்காரர். நிலத்தில் பாதியை மனை போட்டு விற்றுவிட்டு, மீதிப் பாதியில் நான்கு மாடும் ஒரு மெட்டாடர் வேனும் செங்கல் மணல் வியாபாரமுமாக இருந்தார். மாடியில் குடிவந்த புதுத் தம்பதியைப் பார்த்து அவர் மனைவி கங்கையம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். "இன்னாய்யா இது, புருசன் பொண்டாட்டி மாரியே இல்ல. பேங்க்குல கியூவுல நிக்கிறவங்க மாரி பேசிக்கிறாங்க" என்பாள்.

அவள் சொன்னது உண்மைதான். ராஜாராமன் மனைவியை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். அவளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று காலைக் காபியைத் தானே போட்டுக்கொண்டார். தன் சட்டையைத் தானே துவைத்தார். சுந்தரவல்லியும் அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ரேஷன் அரிசியைத் தானே போய்த் தூக்கி வந்தாள். ஒருவருக்கொருவர் இடம் விட்டு விட்டு, நடுவில் இருந்த இடம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. "சாப்பிடறீங்களா?" "நீங்க சாப்பிட்டாச்சா?" "மழை வரும்போல இருக்கு." ஐந்து மாதம் இப்படியே போனது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று சில நாள் சுந்தரவல்லி யோசித்ததுண்டு. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

போகிக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, பரணில் பழைய பாய்களுக்குப் பின்னால் ஒரு நீளமான அட்டைப்பெட்டி கிடைத்தது. மேலே சிவப்பு விமானம் ஒன்று மேகத்துக்கு நடுவே பறக்கிற படம். பெட்டியைச் சுற்றி ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"இது என்னங்க?"

ராஜாராமன் பள்ளிக்கூடத்துப் பையன் போல முகம் சிவந்தார். "அது ஒண்ணுமில்ல. பழசு. தூக்கிப் போட்டுடலாம்."

"பிரிக்கவே இல்லையே, எப்படிப் பழசாகும்?"

அப்புறம் மெதுவாகச் சொன்னார். ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு நண்பர், தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர், சிங்கப்பூர் போய்விட்டார். இரண்டு பேருக்கும் அந்தக் காலத்தில் விமானப் பைத்தியம். மீனம்பாக்கத்தில் ரயில்வே கேட் பக்கம் நின்று வருகிற விமானத்தையெல்லாம் பெயர் சொல்லி எண்ணுவார்களாம். நண்பர் நான்கு வருஷத்துக்கு முன் இதை அனுப்பினார். உள்ளே மரத்துண்டுகளும் வரைபடமும் ஒரு சின்ன இன்ஜினும் இருக்கின்றன. ஒட்டிச் சேர்த்தால் நிஜமாகவே பறக்கும். கையிலிருக்கும் ரேடியோ பெட்டியால் தரையில் நின்றபடியே ஓட்டலாம்.

"ஏன் செய்யலை?"

"ஒவ்வொண்ணும் ஐஸ்கிரீம் குச்சி கனம்கூட இருக்காது. ஒரு கை பிடிச்சுக்கணும், ஒரு கை குண்டூசி குத்தணும். என்கிட்ட ஒண்ணரைக் கைதான் இருக்கு."

"என்கிட்ட ரெண்டு இருக்கே" என்றாள் சுந்தரவல்லி.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த மரம் பால்சா என்று அவர் சொன்னார். ஒரு பலகையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மரம் என்று கண் சொல்லியது, கை நம்பவில்லை. அப்பளத்தைவிட லேசாக இருந்தது.

குண்டூசி இறங்கும்படி மெத்தென்ற, கோணலில்லாத பலகை வேண்டும் என்றார் ராஜாராமன். பள்ளியில் கழித்துப் போட்டிருந்த நோட்டீஸ் போர்டைத் தலைமையாசிரியையிடம் கேட்டு, ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அதன் மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமல் இருக்க எண்ணெய்க் காகிதத்தைப் போட்டு, அதற்கு மேல் விமானத்தைக் கட்ட வேண்டும். வரைபடத்தைப் பார்த்ததும் சுந்தரவல்லிக்குப் பயம் போய்விட்டது.

"இது பேப்பர் கட்டிங் மாதிரிதாங்க. ரவிக்கைக்குப் போடறதுதான். இது முதுகு, இது கை. இங்க மடிச்சுத் தைக்கப் பிடிப்பு விடணும்."

"பிடிப்பு இல்ல. அது விளிம்புப் பட்டை."

"எங்க ஊர்ல அது பிடிப்பு."

ராஜாராமன் சிரித்தார். அவர் பல் வரிசையை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள்.

இறக்கைக்கு இருபத்திரண்டு விலாத் துண்டுகள். ஒவ்வொன்றையும் செங்குத்தாக நிறுத்திப் பசை வைத்து, பிடிக்கும் வரை விரலால் அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். கையை எடுத்தால் சாய்ந்துவிடும். அவள் இந்தப் பக்கம் பிடிக்க, அவர் எதிர்ப்பக்கம் மூன்று விரலால் அணைத்துக்கொள்வார். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி. எழுந்து போக முடியாது. எதையும் எடுத்து அடுக்க முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அப்படித்தான் அவருடைய விபத்தைப் பற்றி அவள் கேட்டாள். "வலி அப்புறம்தான் தெரிஞ்சுது. முதல்ல, ஐயோ தகடு வீணாப் போச்சே, சூப்பர்வைசர் திட்டுவாரேன்னுதான் நினைச்சேன்" என்றார் அவர். இரண்டாவது வாரம் அவள் தன் கதையைச் சொன்னாள். இருபத்துநாலு வயதில் நெய்வேலியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸோடு. உத்தரவுக் கடிதத்தை அப்பா ஒரு மாதம் தன் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, சேர வேண்டிய தேதி கழிந்த பிறகு கொடுத்தார். "திட்டினீங்களா?" என்று கேட்டார் ராஜாராமன். "இல்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணணும்னு கேட்டேன்" என்றாள். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. சொல்லி முடியும் வரை அவள் விரல் அசையவில்லை. விலா நேராக நின்றது.

பொன்னுரங்கம் பால் கணக்குச் சொல்ல மாடிக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, மீன் முள்ளு மாரி கீது?"

"ஏரோப்ளேனுங்க."

"ஏரோப்ளேனா! வூட்டுக்குள்ள ஏரோப்ளேன் கட்டினுகீறீங்களா? மாடி தாங்குமா?"

தூக்கிப் பாருங்கள் என்று ராஜாராமன் இறக்கையைக் கொடுத்தார். இரண்டு கைகளாலும் பலமாக வாங்க வந்த பொன்னுரங்கம் அதன் கனமின்மையில் தடுமாறிப் போனார். அன்று முதல் தினமும் சாயங்காலம் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போவது அவருக்கு ஒரு வேலையாயிற்று.

எலும்புக்கூடு முடிந்த பிறகு அதன் மேல் மெல்லிய பட்டுத்துணி போர்த்த வேண்டும். இந்த இடத்தில் சுந்தரவல்லி ராஜாராமனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டாள். இறக்கை நுனி வளைகிற இடத்தில் துணியை நேராக வெட்டினால் சுருக்கம் விழும், குறுக்கு இழையில் வெட்டினால் வளைவோடு போகும் என்று அவளுக்குத் தெரியும். பாண்டி பஜாரில் தேடி வாங்கிய வெள்ளைப் பட்டுத்துணியை நனைத்து, இழுத்து, ஓரம் மடக்கி ஒட்டினாள். மேலே கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் நிறமில்லாத லாக்கர் வார்னிஷைத் தடவினார்கள். காயக் காயத் துணி விறைத்து, தட்டினால் மேளம் போலச் சத்தம் கொடுத்தது. "வூடு பூரா நெயில் பாலிஷ் நாத்தம், மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது" என்று கங்கையம்மாள் கீழேயிருந்து கத்தினாள். ஆனாலும் விமானத்தின் வாலில் கிளிப்பச்சைப் பட்டை போடலாம் என்று யோசனை சொன்னது அவள்தான்.

ஸ்ரீநிவாசராகவன் அந்த வருஷக் கடைசியில் ஊருக்கு வந்தபோது, தரையிலிருந்து ஓட்டுகிற அந்த ரேடியோ பெட்டியைக் கொண்டுவந்தார். அதை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அது வருவதற்குள் 1988 பிறந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் ராஜாராமன் அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியின் முகத்தில் இரண்டு சின்னக் குச்சிகள். இடது கட்டைவிரலுக்கு ஒன்று, வலது கட்டைவிரலுக்கு ஒன்று. வலது குச்சிதான் முக்கியம். விமானம் சாய்வதும் ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

சுந்தரவல்லி சமையலறையிலிருந்து பார்த்தாள். அவர் நடுவிரலை வைத்துப் பார்த்தார். கையைத் திருப்பி மேலிருந்து பிடித்துப் பார்த்தார். பெட்டியை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். மேசை மேல் இருந்த விமானத்தின் வால் ஒவ்வொரு தடவையும் வெட்டி வெட்டி அசைந்தது. பிறகு பெட்டியை அதன் உறைக்குள் வைத்து மூடினார். இத்தனை மாதம் கட்டும்போது இது அவருக்குத் தோன்றவே இல்லையா, தோன்றியும் நினைக்காமல் இருந்தாரா, அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைத் திறந்தாள். "நீங்க சொல்லுங்க. நான் அழுத்தறேன்."

தாம்பரத்தில் பறக்கவிட முடியாது; தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் போகிற இடம். கங்கையம்மாளின் தம்பி அரிகிருஷ்ணனுக்குக் கோவளம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அதை ஒட்டி, கோடையில் உப்பங்கழி வற்றி வெடித்துக் கிடக்கும் தரை. ரோடு போலக் கெட்டியாக இருக்கும் என்று பொன்னுரங்கம் சொன்னார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். இறக்கையைப் போர்வையில் சுற்றி ராஜாராமன் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா சார் அது, வீணையா?"

"இறக்கை."

கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

கழித்தரையில் கடல்காற்று எதிராக அடித்தது. மெத்தனாலையும் விளக்கெண்ணெயையும் கலந்து இன்ஜினுக்கு ஊற்றினார் ராஜாராமன். மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் தட்டிவிட வேண்டாம் என்று சுந்தரவல்லி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மிச்சமிருக்கும் விரல்கள் அவளுக்கு வேண்டும். சைக்கிள் டியூப் சுற்றிய கட்டையால் தட்டினார். ஒன்பதாவது தட்டில் இன்ஜின் அலறிக்கொண்டு பிடித்தது. வறுத்த விளக்கெண்ணெய் வாசனை எங்கும் பரவியது. அவர் ஓடிவந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

விமானம் தரையில் குதித்துக் குதித்து ஓடி, சட்டென்று குதிப்பதை நிறுத்தியது. அவ்வளவுதான், காற்றில் இருந்தது.

"மேல... மேல... போதும். இப்ப இடது. மெதுவா."

அவள் மெதுவாகத் தள்ளினாள். விமானம் அகலமாகத் திரும்பி, தோப்புக்கு மேலே வட்டமடித்து, அவர்களை நோக்கி வர ஆரம்பித்தது. ஒரு காற்று வீச்சில் ஒரு இறக்கை தாழ்ந்தது.

"இடது பக்கம் சாயுது! இடது! இடது!"

சுந்தரவல்லியின் கண்ணுக்கு அது வலப்பக்கம் சாய்வதாகத் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது இடது. இடது பக்கம் தள்ளினாள். விமானம் இன்னும் சாய்ந்து, மூக்கைக் கவிழ்த்து, நேராகத் தரையில் போய்க் குத்தியது.



"உனக்குச் சொன்னா புரியாதா?" என்றார் ராஜாராமன்.

"நீங்கதானே இடதுன்னு சொன்னீங்க!"

"இடது பக்கம் சாயுதுன்னு சொன்னேன்! விமானத்தோட இடது!"

"நான் என்ன விமானத்துக்குள்ளயா உட்கார்ந்திருக்கேன்?"

"என் கையில இருந்திருந்தா விழுந்திருக்காது!"

"அப்ப நீங்களே பிடிச்சிருக்க வேண்டியதுதானே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சுந்தரவல்லிக்கு உறைத்தது.  அவர் போய்க் குனிந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போர்வையில் வைத்தார். வலது கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் போர்வை மூட்டைதான் உட்கார்ந்திருந்தது.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. பழைய 'சாப்பிடறீங்களா'கூட இல்லை. ஆனால் இந்த மௌனம் பழைய மாதிரி காலியாக இல்லை என்று சுந்தரவல்லிக்குப் பட்டது. அவர் கோபமாக இருந்தார், அவளும் கோபமாக இருந்தாள், அதோடு அவளுக்குத் தன் மேல் வெட்கமாகவும் இருந்தது. இன்னொன்றையும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அவர் 'உனக்கு' என்று சொல்லியிருந்தார்.

லீவில் பள்ளியில் தையல் பரீட்சைக்குப் போகும் பெண்களுக்குத் தனி வகுப்பு நடந்தது. நான்காம் நாள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எதிரே அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஊசியை வலது பக்கம் கொண்டுவாங்க" என்று சொன்னாள். சொல்லும்போதே தன் கை இடது பக்கம் போவதைப் பார்த்தாள். எதிரே இருப்பவர்களுக்கு அதுதான் வலது. பதினான்கு வருஷமாக அவள் அப்படித்தான் தைத்துக் காட்டுகிறாள். யோசிப்பதே இல்லை. எதிரே ஒரு பெண்ணின் துணி ஒரு பக்கம் சரிந்தால், அது அந்தப் பெண்ணுக்கு இடதா வலதா என்று அவள் கணக்குப் போடுவதில்லை; எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் கை போய்த் தாங்கும்.

ஊசியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள். என்ன டீச்சர் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, தையுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ராஜாராமன் நோட்டீஸ் போர்டின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். உடைந்த நான்கு விலாக்களுக்குப் பதிலாகப் புது விலாக்கள் வெட்டியிருந்தார். ஒன்றைத் தனியாக நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி சாய்ந்தது. அவள் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து விலாவைப் பிடித்தாள்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

"நான் சொன்னது மட்டும் என்னவாம்" என்றார் அவர், பசையைப் பார்த்துக்கொண்டே. "விடு. நேராப் பிடி."

பசை காயட்டும் என்று இருந்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த தடவை நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. நானே பார்த்துக்கறேன்."

"விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா திரும்பக் கட்டலாம். அதுக்குத்தான் நாலு நாளா உட்கார்ந்திருக்கீங்க."

ஜூன் கடைசியில் பொன்னுரங்கம் தன் மெட்டாடரிலேயே அழைத்துப் போனார். மணல் கூட்டிச் சுத்தம் செய்த வேனில், வைக்கோல் பரப்பி அதன் மேல் விமானம் படுத்து வந்தது. கங்கையம்மாளும் தம்பி வீட்டுக்கென்று ஏறிக்கொண்டாள். ராஜாராமன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

விமானம் ஏறியது. திரும்பியது. அவர்களைப் பார்த்து வந்தது. போன தடவை போலவே ஓர் இறக்கை தாழ்ந்தது. சுந்தரவல்லி எது இடது எது வலது என்று கேட்கவில்லை. தாழ்ந்த பக்கம் அவள் விரல் போய்த் தாங்கியது. இறக்கை நிமிர்ந்தது. மறுபக்கம் சரிந்தது; அந்தப் பக்கம் தாங்கினாள். விமானம் தலைக்கு மேலே போனபோது வெள்ளைப் பட்டின் உள்ளே வெயில் ஊடுருவி, இருபத்திரண்டு விலாக்களும் நிழலாகத் தெரிந்தன.

"யம்மாடியோவ்! போவுது பாரு! டீச்சரு, ஏறுது டீச்சரு!" என்று பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்துக்குக் கீழேயே ஓடினார். கங்கையம்மாள், "யோவ், கத்தாத, அவங்க கைய பேஜாராக்காத" என்று அவர் பின்னால் ஓடினாள். எங்கிருந்தோ ஒரு கருடன் வந்து விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

எட்டு நிமிஷத்தில் எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றது. சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு இறங்கியது விமானம். கடைசி இரண்டு அடி தூக்கிப்போட்டு, உருண்டு, சாயாமல் நின்றது.  சுந்தரவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராஜாராமன் விமானத்திடம் ஓடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். அதில் பல் பதிந்து ஓட்டையே விழுந்திருந்தது.

"இப்ப பேசலாமா?"

"ம்."

அவர் எழுந்துபோய் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்தார்.

இரண்டாவது தடவை எண்ணெய் ஊற்றிப் பறக்கவிட்டபோது, விமானத்தை நல்ல உயரத்துக்கு ஏற்றிவிட்டு, "உங்க கையைக் கொடுங்க" என்றாள். அவர் தயங்கினார். அவள் கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல், "சீக்கிரம்" என்றாள். அவருடைய வலது கையின் மூன்று விரல்கள் அவள் கட்டைவிரலின் மேல் வந்து படிந்தன. "நீங்க எங்க போகணுமோ தள்ளுங்க. நான் கூட வர்றேன்" என்றாள். அவர் மெல்லத் தள்ளினார். தொலைவில், கடல் தெரிகிற பக்கமாக, விமானம் பெரிய வட்டமாகத் திரும்பியது. அந்த ஒரு திருப்பம் முடியும் வரை அவர் மூச்சு விட்டதாகவே அவளுக்குத் தெரியவில்லை. முடிந்ததும், "இன்னொண்ணு" என்றார்.

அதற்கப்புறம் ஐந்து கோடைகள் அந்த விமானம் பறந்தது. மூக்கு இரண்டு தடவை உடைந்தது. பட்டு மூன்று தடவை மாற்றினார்கள். வீட்டிலும் சத்தம் கூடிவிட்டது. உப்பு ஜாஸ்தி என்று அவர் சொல்வார். அப்ப நாளைக்கு நீங்களே பண்ணுங்க என்று அவள் சொல்வாள். மாடியிலிருந்து வரும் வாக்குவாதத்தைக் கேட்டு, "இப்பதான்யா புருசன் பொண்டாட்டி மாரி கீது" என்று கங்கையம்மாள் திருப்திப்பட்டாள்.

1993இல், நடுவானில் ரேடியோ பேட்டரி காலை வாரிவிட்டது. விமானம் சொன்ன பேச்சுக் கேட்காமல், நேராக, அழகாக, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. சவுக்கு நிழலில் இருவரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரவல்லிக்குக் கண் கலங்கியது. "நல்லாத்தான் போச்சு. ஒரு ஆட்டம் இல்ல பார்த்தியா, உன் கை இல்லாமயே" என்றார் ராஜாராமன். "கட்டினவங்க கட்டினது அப்படி" என்றாள் அவள். வரும் வழியிலேயே அடுத்ததற்கு இறக்கை எவ்வளவு நீளம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறை பெட்டியும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம். வரைபடத்தை அவரே இடது கையால் போட்டார்.

அடுத்த வருஷம் பொன்னுரங்கத்திடமே ஒரு சின்ன மனை வாங்கி, இருவரும் கடன் போட்டு வீடு கட்டினார்கள். தட்சிணாமூர்த்தி என்கிற மேஸ்திரி தரையில் சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டு வந்தார். பின்பக்க அறை வந்ததும் நின்றார்.

"இது இன்னா சார், ரூமு இம்மாம் நீளம், அகலமே இல்ல? சாமான் போடறதுக்கா? இல்ல, ஊர்லேர்ந்து பெரியவங்க யாராச்சும் வராங்களா?"

ராஜாராமன் பதில் சொல்லக் கூச்சப்பட்டு மனைவியைப் பார்த்தார்.

"இங்க ஏரோப்ளேன் கட்டுவோம்" என்றாள் சுந்தரவல்லி.

மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ரெண்டரை அடி கதவு பத்தாதே டீச்சர். வெளிய எப்படி எடுப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, போட்ட கோட்டைக் காலால் அழித்து, வாசலை அகலமாக்கி மறுபடி போட்டார்.